கரி இன்ஜின் மாடலுக்கு லைட் போட்ட அனுபவம்

ரயில் மாடலுக்கு லைட் போட்ட கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டீசல், எலக்ட்ரிக் இன்ஜின்காரர்களாகவே இருக்கிறார்கள், அதனால் ஸ்டீம் பக்கம் நடந்ததை நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீசலுக்குள் இடம் தாராளமாக இருக்கும், நிஜத்திலும் கண்ணைக் கூசவைக்கும் ஹெட்லைட் உண்டு, எல்இடியை மாட்டினால் வேலை முடிந்தது. ஸ்டீம் இன்ஜினில் பாய்லருக்குள் மோட்டார், பல்சக்கரப் பெட்டி, எடைக்காக வைத்த உலோகக் கட்டி எல்லாம் போக மிஞ்சுவது பென்சில் நுழையும் அளவு சந்துதான். அதுகூடப் பரவாயில்லை, எப்படியாவது நுழைத்துவிடலாம். நிஜ இன்ஜினில் அந்த இடத்தில் என்ன விளக்கு இருந்தது, எது அதை எரியவைத்தது என்று பார்க்காமல் ஆரம்பித்தால் கடைசியில் கையில் நிற்பது கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒன்றுதான்.

என் கைக்கு வந்தவை இரண்டு இன்ஜின்கள். ஒன்று, லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பழைய பிளாக் ஃபைவ் என்கிற பிரிட்டிஷ் இன்ஜின், ஓஓ அளவு (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு). இன்னொன்று நண்பர் ஒருவருடைய டபிள்யூபி, நம் ஊர் பிராட் கேஜ் பயணிகள் இன்ஜின், ஹெச்ஓ அளவு (87-ல் ஒரு பங்கு). அமெரிக்கப் பசிபிக் இன்ஜின் (4-6-2 சக்கர அமைப்பு) மாடலின் சேசிஸை எடுத்து, அதன் மேல் 3டி பிரிண்ட் போட்ட உடம்பை உட்காரவைத்து அவரே செய்தது. இரண்டும் ஸ்டீம், இரண்டும் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில், ஆனால் விளக்கு என்று வந்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் பிளாக் ஃபைவ். 1934 முதல் 1951 வரை 842 இன்ஜின்கள் கட்டியிருக்கிறார்கள், 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் கடைசி ஸ்டீம் வண்டியை இழுத்தவற்றிலும் இந்த வகை உண்டு. அந்த வண்டிகளில் நாம் நினைக்கிற ஹெட்லைட் கிடையாது. முன்னால் இருந்தது மண்ணெண்ணெய் விளக்குதான், அதுவும் பாதையைப் பார்க்க இல்லை. பாதை நெடுக வேலி போட்ட நாடு, ஓட்டுநர் சிக்னலைப் பார்த்தால் போதும். விளக்கு இருந்தது பாதையோரம் சிக்னல் கேபினில் நிற்கிறவருக்கு, என்ன வகை வண்டி வருகிறது என்று தெரிவதற்கு. முன்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மோதுதாங்கிகளான பஃபர்களுக்கு மேலே ஆளுக்கொன்றாக இரண்டு விளக்கு என்றால் எக்ஸ்பிரஸ், உச்சியில் புகைபோக்கிக்கு முன்னால் ஒன்று மட்டும் என்றால் சாதாரணப் பயணிகள் வண்டி, கீழே நடுவில் ஒன்று மட்டும் என்றால் பெட்டி எதுவும் இல்லாமல் தனியாக வரும் இன்ஜின், இப்படி.

இங்கேதான் நிறைய மாடல்களில் வேடிக்கை நடக்கிறது. விளக்கு மாட்ட நான்கு இடம் இருக்கிறது, நான்கிலும் எல்இடி வைத்து நான்கையும் எரியவிடுகிறார்கள். நான்கும் எரிந்தால் அது ராஜா ராணி போகிற வண்டி! சரி, டிசிசி டிகோடரில் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும், இன்ஜினுக்குள் வைக்கிற சின்ன சர்க்யூட்) நான்கையும் தனித்தனி பட்டனுக்குக் கொடுத்து வேண்டியதை மட்டும் எரியவைக்கலாமே என்றால் அதுவும் முழுசாகச் சரிவராது, ஏனென்றால் பகலில் சிக்னல்மேன் பார்த்தது வெளிச்சத்தை இல்லை, வெள்ளைப் பெயின்ட் அடித்த விளக்குக் கூட்டைத்தான். எரியாத விளக்கும் கண்ணுக்கு விளக்குதான். அதனால் நான் இரண்டே விளக்கு வைத்தேன், பஃபர்களுக்கு மேலே, எக்ஸ்பிரஸ் என்று முடிவு செய்து. மற்ற இரண்டு கொக்கியும் காலியாகவே இருக்கின்றன. வகை வகையாக மாற்றி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் விளக்கைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யலாம், அதற்கு என்னைவிடப் பொறுமை வேண்டும்.

வேலை எப்படி என்றால், 0603 என்கிற பொடி எல்இடி, நீளம் 1.6 மி.மீ., அகலம் 0.8. ஓஓ அளவில் கணக்குப் போட்டால் நிஜத்தில் 12 செ.மீ. வருகிறது, விளக்கின் கண்ணாடிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். இதைவிடச் சின்னதாக 0402 இருக்கிறது, 1 மி.மீ.க்கு அரை மி.மீ., தும்மினால் போச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொடி எல்இடி கேட்டால் கிடைக்கும், ஆனால் பளீர் வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், வார்ம் ஒயிட் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒயர், மோட்டார் சுற்றுகிற எனாமல் கம்பி, 0.1 மி.மீ. சால்டர் வைக்கும் முன் எல்இடியை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உருகிய ஈயம் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். விளக்குக் கூடு உலோகத்தில் வார்த்ததாக இருந்தால் உள்ளே வார்னிஷ் ஒரு கோட் அடிக்காமல் எல்இடியை வைக்கவே கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் 9 வோல்ட் பேட்டரியும் ஒரு 1 கே (1,000 ஓம்) ரெசிஸ்டரும் கையில் வைத்துக்கொண்டு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், எல்லாம் ஒட்டி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டால் பிறகு பிரிக்க முடியாது.

ரெசிஸ்டர் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எல்லாச் சண்டையும் இதில்தான். எங்கே கேட்டாலும் 1 கே போடு என்பார்கள். 12 வோல்ட்டில் எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 9 வோல்ட், 1 கே வழியாக 9 மில்லி ஆம்பியர் ஓடும். எல்இடி சாகாது, கணக்கு சரி. ஆனால் இன்றைய எல்இடி 9 மில்லி ஆம்பியரில் எரிவது டார்ச் லைட் எரிவது. அது மண்ணெண்ணெய் விளக்கே இல்லை. 10 கே போட்டால் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே வரும், அதுவும் ராத்திரி அறையில் எனக்கு அதிகமாகத்தான் பட்டது. 22 கே வரை போனேன். கூடவே எல்இடி முகத்தில் கிளியர் ஆரஞ்சு பெயின்ட் ஒரு தொடுப்பு, அப்போதுதான் அந்த மஞ்சள் வந்தது. இப்போது பகலில் வீட்டுக்கு வருகிறவர்கள் "லைட் போட்டதாச் சொன்னியே, எங்கே எரியுது?" என்கிறார்கள். நிஜ வண்டியிலும் பகலில் அப்படித்தான் இருந்திருக்கும், அந்தக் கேள்வியை நான் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டபிள்யூபி. இது நேர் எதிர். குண்டு மாதிரி உருண்ட மூக்கு, சுற்றிலும் நட்சத்திரம் வரைந்து நடுவில் ஹெட்லைட், மின்சாரத்தில் எரிவது. பாய்லர் ஆவியில் ஒரு சின்ன டர்பைன் சுற்றி டைனமோவை ஓட்டும், அதில் இருந்து கரண்ட். 1947ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியில் இருந்து முதல் இன்ஜின்கள் வந்த காலத்தில் இருந்தே இந்த முகம்தான். நம் ஊரில் அப்போது வேலி கிடையாது, மாடு நிற்கும், ஆள் நடப்பார், ஓட்டுநருக்குப் பாதை தெரிய வேண்டும். அதனால் வெளிச்சம் இங்கே நியாயம். 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்இடி ஒன்றையே வைத்தோம், ஹெச்ஓ அளவில் அது நிஜத்தில் 26 செ.மீ. ஆகிறது, முகத்துக்குப் பொருத்தமாக இருந்தது. வெளிச்சம் குவிந்து விழும் தெளிந்த தலை உள்ள எல்இடியாகப் பார்த்து வாங்குங்கள், பால் நிறத் தலை உள்ளது எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். இதற்கு 1 கே சரியாகவே இருந்தது.

தொல்லை வேறு இடத்தில் இருந்து வந்தது. எல்இடியை எரியவிட்டதும் மூக்கு முழுதும் சிவந்து தெரிந்தது, 3டி பிரிண்ட் ரெசினும் மெல்லிய பிளாஸ்டிக்கும் வெளிச்சத்தை உள்ளே அடைத்து வைக்காது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளி நிறம் ஒரு கோட் அடித்து, எல்இடியின் பின்பக்கத்தை ஹீட் ஷ்ரிங்க் குழாயில் மூடிய பிறகுதான் அடங்கியது.

ஓட்டிப் பார்த்த அன்று நண்பரின் மாமனார் வந்திருந்தார். விழுப்புரம் ஷெட்டில் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, மீட்டர் கேஜ் ஒய்பி இன்ஜின்களில் வேலை பார்த்து, பிறகு டிரைவராகி ரிட்டயர் ஆனவர். பட்டனைத் தட்டியதும் லைட் பட்டென்று எரிந்தது. அவர் சிரித்துவிட்டார். "தம்பி, இது வீட்டு ஸ்விட்சா? டைனமோ வேகம் பிடிக்க வேண்டாமா?" என்றார். வால்வைத் திறந்தால் முதலில் ஊய்ங் என்று சத்தம் ஏறுமாம், பல்பின் கம்பி முதலில் சிவந்து, மஞ்சளாகி, அப்புறம்தான் வெளுக்குமாம். இதை எந்தப் படத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. நல்லவேளையாக அந்த டிகோடரில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் எஃபெக்ட் இருந்தது, அங்கேயே அமைத்துக் காட்டினோம். "இன்னும் மெதுவா" என்றார், இரண்டு தடவை.

அடுத்து கரி எரியும் நெருப்புப் பெட்டி. இதில்தான் ஆளாளுக்கு டிஸ்கோ நடத்துகிறார்கள், சிவப்பும் ஆரஞ்சும் விடாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். மாமனாரிடம் கேட்டேன். "கதவு திறந்தாத்தானே சார் வெளிச்சம்? கரி போடுறப்ப திறப்போம், உடனே மூடுவோம். சும்மா திறந்து வெச்சா உள்ளே குளிர்ந்த காத்து புகுந்து ஆவி இறங்கிடும், டிரைவருக்கும் கண்ணு கூசி வெளியே ஒண்ணும் தெரியாது" என்றார். நிறத்தையும் சொன்னார், நின்றுகொண்டிருக்கும்போது சிவப்பு, இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது காற்று இழுப்பில் வெள்ளைக்குப் பக்கத்தில் போகும் மஞ்சள். கதவு திறந்த நேரத்தில் மேலே போகும் புகையின் அடிவயிறு செக்கச்செவேல் என்று தெரியும் என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் பக்கம் வண்டி ஓட்டியவர்கள் கேபுக்கும் (டிரைவர் நிற்கும் அறை) டெண்டருக்கும் (பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டி) நடுவில் தார்ப்பாய் கட்டி ஓட்டியது இதற்காகத்தான், விமானத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் இப்போது இரண்டு இன்ஜினிலும் ஒரு சிவப்பு, ஒரு வார்ம் ஒயிட், இரண்டும் கேபுக்குள்ளே கதவுப் பக்கம் மறைவாக. கரி அள்ளும் சத்தத்துக்கான பட்டனோடு சேர்த்து இணைத்திருக்கிறேன், மண்வெட்டி உரசும்போது மட்டும் எரியும், மற்ற நேரம் இருட்டு. கேபுக்குள் தனியாக விளக்கு எதுவும் வைக்கவில்லை. நிஜத்தில் ராத்திரி அங்கே தண்ணீர் அளவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்குதான், பெட்ரோமாக்ஸ் இல்லை.

ஒயரிங்கில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். டிகோடரின் நீல ஒயர் பொதுவான பிளஸ், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, பச்சையும் ஊதாவும் கூடுதல் வேலைகளுக்கு. டிகோடர் டெண்டரில், விளக்கு இன்ஜினில் என்றால் நடுவில் போகும் ஒயர்தான் முதலில் அறுகிறது. மெல்லிய, நிறைய இழை உள்ள ஒயர் எடுத்து, உங்களிடம் இருக்கும் மிகக் குறுகிய வளைவில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து நீளம் வெட்டுங்கள். பழைய அமெரிக்கப் பித்தளை மாடல் வைத்திருக்கிறவர்களுக்கு இது முக்கியம். அவற்றில் இன்ஜின் ஒரு தண்டவாளத்தில் இருந்தும் டெண்டர் மறு தண்டவாளத்தில் இருந்தும் கரண்ட் எடுக்கும், அதாவது உடம்பிலேயே கரண்ட். கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஒருவருக்கு எல்இடியின் கால் பாய்லரில் லேசாகத் தொட்டது, டிகோடரில் இருந்து வந்த புகைதான் அந்த இன்ஜின் விட்ட முதல் புகை.

டிகோடர் இல்லாமல் சாதா டிசியில் ஓட்டுகிறவர்களுக்கு: வண்டி நின்றால் விளக்கும் அணையும், வேகத்துக்குத் தகுந்தபடி வெளிச்சம் ஏறி இறங்கும், எல்இடி என்பதால் ஒரு திசையில் மட்டும் எரியும். திசைத் தொல்லையை, கரண்ட் எப்படி வந்தாலும் ஒரே திசையில் திருப்பிவிடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டுச் சரிசெய்யலாம், மற்றதோடு வாழப் பழக வேண்டும். பழைய 12 வோல்ட் கோதுமைமணி பல்பை (கோதுமை மணி அளவு இழை பல்பு) மட்டும் பிளாஸ்டிக் மூக்குக்குள் வைக்காதீர்கள், சூட்டில் மூக்கு உருகிவிடும்.

இனி ஒரு ஒய்பி செய்வதாக நண்பர் சொல்கிறார், மாமனாருக்காக, 12 மி.மீ. தண்டவாளத்தில். உடம்பு இன்னும் ஒல்லி, டெண்டரில்தான் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். டைனமோ ஊய்ங் சத்தத்தையும் ஹெட்லைட் ஏறுவதையும் ஒரே பட்டனில் ஒன்றாகச் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் எந்த டிகோடரில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், எங்களுக்குச் சத்தம் முடிந்த பிறகுதான் லைட் ஏற ஆரம்பிக்கிறது.