‘ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட்’: எதிர்கால வினைமுற்றா, எதிர்கால நிறைவா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தின் ‘ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட்’டை (‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்’, அதாவது ‘முடித்திருப்பேன்’ போன்ற வடிவத்தை) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எதிர்கால வினைமுற்று, பூரண எதிர்காலம், முன்னெதிர்காலம். முதல் சொல்லை நாம் கைவிட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒரு மாணவியின் நோட்டை வைத்தே சொல்கிறேன்.

ஆங்கில வகுப்பில் ‘எதிர்கால வினைமுற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்று கேட்டிருந்தேன். அவள் ‘ஷீ வில் கம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘வருவாள்’ என்று தமிழையும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். அவள் தமிழ்ப் பாடநூலைத் திறந்து என் முன் வைத்தாள். வந்தாள், வருகிறாள், வருவாள், மூன்றும் வினைமுற்று. அவள் எழுதியதில் பிழையே இல்லை. நான் கொடுத்த பெயரில்தான் பிழை.

தமிழில் முற்று என்பது எச்சத்துக்கு மறுதலை. ‘வந்து’, ‘வந்த’ என்று நிறுத்தினால் பொருள் தொக்கி நிற்கிறது, அதனால் எச்சம். ‘வந்தாள்’ என்றால் வாக்கியம் முடிந்துவிடுகிறது, அதனால் முற்று. இங்கே முடிவது வாக்கியம். செயலைப் பற்றிய பேச்சே இல்லை. ‘வருவாள்’ முற்றுதான், ஆனால் அவள் இன்னும் வரவில்லை. ‘பெர்ஃபெக்ட்’டில் முடிவது செயல். லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குச் ‘செய்து முடிக்கப்பட்டது’ என்றுதான் பொருள். ‘குறையே இல்லாதது’ என்பது அதிலிருந்து வளர்ந்த பொருள். ‘பூரண’ என்ற சொல் எனக்கு உறுத்துவதும் இதனால்தான். பூரணம் என்றதும் குறையின்மைதான் முதலில் மனத்தில் வருகிறது. அப்புறம் சாதாரண எதிர்காலத்தில் என்ன குறை என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயமாகவே.

சரி, இந்தக் காலம் உண்மையில் என்ன செய்கிறது? தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் தந்த விளக்கத்தைவிடத் தெளிவானதை நான் பார்த்ததில்லை. எந்தக் கால வடிவத்துக்கும் மூன்று கணங்கள் உண்டு என்றார் அவர்: பேசும் கணம், செயல் நடக்கும் கணம், எங்கே நின்று அந்தச் செயலைப் பார்க்கிறோமோ அந்தக் கணம். மூன்றாவதை நான் நோக்குகணம் என்று சொல்லிவருகிறேன். ‘நாளை மாலை ஆறு மணிக்குள் அறிக்கையை எழுதி முடித்திருப்பேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசுவது இப்போது. பார்ப்பது நாளை ஆறு மணியில் நின்றுகொண்டு, திரும்பிப் பின்னால். எழுதி முடிப்பது அதற்கு முன் எப்போதோ. எப்போது என்று வாக்கியம் சொல்வதே இல்லை. இன்றிரவே முடியலாம், நாளை 5.59க்கு முடியலாம். ஆறு மணிக்கு முன்னால் என்பது மட்டும் உறுதி.

அந்த நோக்குகணத்தை ஆங்கிலம் பெரும்பாலும் ‘பை’ என்ற சிறு சொல்லால் நட்டுவைக்கிறது. நமக்கு அது ‘-க்குள்’. ஆனால் ‘ஐந்து மணிக்குள்’ என்றால் ‘பை’, ‘ஐந்து நிமிடத்துக்குள்’ என்றால் ‘விதின்’. தமிழில் ஒரே உருபு இரண்டுக்கும் வருவதால் இங்கே நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ‘பை தி டைம்’ என்று தொடங்கினால் அந்தத் துணைத்தொடரில் ‘வில்’ வராது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘பை தி டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்.’ ‘நீ வரும்போது’ என்பதில் எதிர்காலம் கேட்பதால் ‘யூ வில் கம்’ என்றுதான் நம் கை எழுதப் பார்க்கும்.

முன்னெதிர்காலம் என்று எழுதியவர் நன்றாக யோசித்திருக்கிறார். பிரெஞ்சு இலக்கணமும் இதை ‘முந்திய எதிர்காலம்’ என்ற பொருளில்தான் அழைக்கிறது. ஆனால் நம் ‘முன்’ இரண்டு பக்கமும் பார்க்கும் சொல். ‘முன்பு’ என்றால் கடந்தது, ‘முன்னேறு’ என்றால் வரப்போகும் பக்கம். முன்னெதிர்காலம் என்பதை ‘சற்றுத் தொலைவில் காத்திருக்கும் காலம்’ என்றும் ஒருவர் படித்துவிட முடியும். அந்த மயக்கம் கலைச்சொல்லுக்கு ஆகாது.

ஆகவே என் பரிந்துரை: எதிர்கால நிறைவு. கூடவே நிகழ்கால நிறைவு, இறந்தகால நிறைவு. நமது வந்திருப்பேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன் என்ற வரிசை இதனோடு அழகாகப் பொருந்துகிறது. ‘இரு’ என்ற துணைவினை காலம் காட்ட, ‘வந்து’ என்ற எச்சம் செயல் முடிந்ததைக் காட்டுகிறது. ‘நிறைவு’ என்ற சொல் அந்த எச்சத்தின் வேலையைச் சொல்கிறது, ‘எதிர்கால’ என்பது ‘இருப்பேன்’ செய்யும் வேலையைச் சொல்கிறது.

அன்புடன்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். வினைமுற்று வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘நிறைவு’ என்றால் எனக்கு மனநிறைவுதான் நினைவுக்கு வருகிறது. இன்னொன்று: ‘வந்திருப்பேன்’தான் எதிர்கால நிறைவு என்றால், ‘நீங்கள் சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பதை என்ன செய்வது? அங்கே யாரும் வரவில்லையே. ‘நீ வருவதற்குள் முடித்துவிடுவேன்’ என்பதுதானே நாம் இயல்பாகச் சொல்வது? அதற்கும் இதே பெயரா?

மறுமொழி 2

நல்ல கேள்விகள் அம்மா. இரண்டாவதுதான் என்னையும் நெடுநாள் படுத்தியது.

‘வந்திருப்பேன்’ மூன்று வேலை செய்கிறது. ‘நாளை இந்நேரம் வந்திருப்பேன்’ என்பது நாம் இங்கே விவாதிக்கும் எதிர்கால நிறைவு. ‘அவள் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள்’ என்பது ஊகம். இந்த ஊகத்துக்கு ஆங்கிலமும் அதே ‘வில் ஹேவ்’ வடிவத்தைப் பயன்படுத்துவதைக் கவனியுங்கள்; இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மூன்றாவது, நீங்கள் சொன்ன நடக்காத நிபந்தனை. அங்கேதான் ஆங்கிலம் பிரிந்து ‘வுட் ஹேவ்’ என்று போகிறது. மாணவர்கள் அதிலும் ‘ஐ வில் ஹேவ் கம்’ என்று எழுதுவது நம் ஒற்றை வடிவத்தை நம்பித்தான். ‘அவன் உட்கார்ந்திருப்பான்’ இன்னும் சிக்கல்: உட்கார்ந்து முடித்த செயலும் அதுவே, உட்கார்ந்த நிலையில் இருப்பதும் அதுவே. எனவே பெயரை நான் தமிழ் வடிவத்துக்குச் சூட்டவில்லை, ஆங்கிலக் காலத்துக்குத்தான் சூட்டுகிறேன். தமிழ் வடிவம் விளக்க உதவும், எல்லா இடத்திலும் ஈடாகாது. முந்தைய மடலில் இதைத் தெளிவாக எழுதாதது என் தவறு.

‘முடித்துவிடுவேன்’ வேறு. அதில் நான் நிற்பது இன்று; செயலை முழுசாகச் செய்து தீர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். ‘முடித்திருப்பேன்’ என்றால் நீங்கள் வரும் கணத்துக்கே போய் நின்று, அங்கே கிடக்கும் முடிந்த வேலையைக் காட்டுகிறேன். பேச்சில் முதலாவதுதான் அதிகம் வரும், ஒப்புக்கொள்கிறேன். வராத காலத்தை முடிந்ததுபோல் பேசுவது நமக்குப் புதிதும் அல்ல. இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். இப்படி விரைவு குறித்து இறந்தகாலம் வருவதைத் தொல்காப்பியம் வினையியலிலேயே ஏற்றுக்கொள்கிறது, நன்னூலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கலாம் என்கிறது. ஆனால் அது காலவழுவமைதி, அதாவது காலம் பிறழ்ந்து வந்தாலும் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழு. ‘வில் ஹேவ்’ வழு அல்ல, அதற்கென்றே அமைந்த வடிவம். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்க வேண்டாம்.

‘நிறைவு’ பற்றி: மனநிறைவில் ‘மனம்’ சேர்ந்துதானே அந்தப் பொருள் வருகிறது? ‘படிப்பை நிறைவு செய்தார்’, ‘பணிகள் நிறைவடைந்தன’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். செயலோடு சேரும்போது அந்தச் சொல் முடிவைத்தான் சொல்கிறது. ‘எதிர்நிறைவு’ என்று சுருக்கலாமா என்றும் பார்த்தேன். எதிர்வினை, எதிர்க்கட்சி என்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. நீளமானாலும் ‘எதிர்கால நிறைவு’ பாதுகாப்பானது.

தொடரும் வடிவம் ஒன்று மிச்சம். ‘வரும் ஜூனில் ஐ வில் ஹேவ் பீன் டீச்சிங் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதற்கு எதிர்கால நிறைவுத் தொடர் என்று பெயர் வைத்துவிடலாம். ஆனால் அதைத் தமிழில் ‘கற்பித்துக்கொண்டிருந்திருப்பேன்’ என்று மாணவர்களை எழுதவைக்க எனக்கு மனமில்லை. ‘வரும் ஜூனோடு நான் கற்பிக்கத் தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கும்’ என்பேன். அந்த ‘ஆகியிருக்கும்’ இருக்கும் இடத்தில் நிறைவு தானாகவே வந்துவிடுகிறது. இதைவிட நல்ல வடிவம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், என் கலைச்சொல் பட்டியலில் அந்தத் தமிழ் வடிவத்துக்கான கட்டத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.