தேவாலா தங்கம் எழுத ஜெஃப்ரி பிளெய்னி உதவுவாரா?

கூடலூர்க்காரன்:
நம்ம நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கத்துப் பழைய தங்கச் சுரங்கங்கள் பற்றி நூலக மலருக்கு நாலு பக்கம் எழுதணும். ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பிளெய்னியைப் படி என்கிறார்கள். தேடினால், ஆசியர் குடியேற்றம் வேகமாக நடக்கிறது என்று அவர் பேசியதால் எழுந்த 1984 சர்ச்சைதான் முன்னால் வந்து நிற்கிறது. சுரங்கத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஓவேலி மழை:
அவர் தொழிலைக் கற்றதே சுரங்கத்தில்தான் சார். 1930-இல் பிறந்தவர். மெல்பர்னில் படிப்பு முடிந்ததும் டாஸ்மேனியாவின் குயின்ஸ்டவுனுக்குப் போய், மவுண்ட் லயல் செப்புக் கம்பெனியின் வரலாற்றை எழுதினார். கம்பெனிக் காகிதங்களோடு நிற்காமல் பழைய தொழிலாளர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். 1954-இல் புத்தகம் வந்தபோது வயது 24. அந்த ஊர் மலை மொட்டையான கதை நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: உலைக்கு மரம் வெட்டினார்கள், தாதுவின் கந்தகப் புகை மிச்சச் செடியைக் கருக்கியது, பிடிமானம் போன மேல்மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது.

உங்களுக்கு வேண்டியது 1963-இல் வந்த 'த ரஷ் தட் நெவர் எண்டட்'. ஆஸ்திரேலியச் சுரங்கத் தொழிலின் முழு வரலாறு.

தைலமரம்:
வருஷங்களைக் குழப்பாதீர்கள். மெல்பர்ன் பல்கலையில் 1968-இல் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் பதவி 1977-இல். குடியேற்றச் சர்ச்சையைக் கிளப்பிய வார்னம்பூல் ஊர்ப் பேச்சு 1984, பதவி விலகியது 1988. ஆஸ்திரேலியாவின் கடந்த காலத்தைத் துக்கமாகவே பார்க்கும் போக்கை 'கறுப்புப் பட்டை வரலாறு' என்று அவர் சாடியது 1993. கடைசியதை 1984-இல் சேர்த்து எழுதுவதுதான் வழக்கமான பிழை. சர்ச்சைக்கு ஒரு பத்தி போதும், ஆனால் விட்டுவிடக் கூடாது.

ஓவேலி மழை:
அவரை அப்படியே தேவாலாவுக்குப் பொருத்தினால் இடறும். 1851-இல் விக்டோரியாவில் ஆற்று மண்ணிலேயே தங்கம். தட்டும் மண்வெட்டியும் இருந்தவன் இறங்கினான். இங்கே பணியரும் குறும்பரும் மரத்தட்டில் அரித்தது போக, மிச்சம் வெள்ளைப் படிகக்கல்லுக்குள். இடிக்க ஆலை வேண்டும், ஆலைக்கு மூலதனம் வேண்டும். அதனால் தேவாலாவின் 'ரஷ்', அதாவது தங்கத்துக்கான முண்டியடிப்பு, லண்டன் பங்குச் சந்தையில்தான் நடந்தது. விக்டோரியாவின் சுரங்கச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மித்தை இந்தியாவின் ஆங்கில அரசு வரவழைத்தது. அவர் அறிக்கை 1880. இரண்டே வருஷத்தில் சரிவு. மாதிரிக் கல் காட்டிய தங்கத்தை ஆலை தரவில்லை.

கூடலூர்க்காரன்:
இந்தப் பங்குக் கதையையே முதல் பக்கம் வைக்கிறேன். அறிக்கைகளில் 'டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட்' என்று வருகிறதே?

தைலமரம்:
ஒரு பென்னிவெயிட் 1.555 கிராம், இருபது சேர்ந்தால் ஒரு டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். மளிகைக் கடை அவுன்ஸ் 28.35 கிராம், அதைப் போட்டுவிடாதீர்கள். டன்னும் பழைய ஆங்கில டன், 1016 கிலோ.