புதுப்பிப்பு: ரோட்டரி கட்டர் கியர்பாக்ஸ் சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது

திருப்புல்லாணி பக்கம் ரோட்டரி கட்டரை (டிராக்டரில் மாட்டிப் புதர் வெட்டும் கருவி) வைத்துச் சீமைக்கருவேலம் வெட்டும்போது அதன் கியர்பாக்ஸ் கொதிக்கிறது, உறுமுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிரித்துப் பார்த்தாயிற்று. பிளேடு தண்டில் நைலான் வலை நூல் சுற்றி இறுகி, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் கீழ் ஆயில் சீலை அறுத்திருக்கிறது. எண்ணெய் கசிந்து பேரிங் காய்ந்துவிட்டது. கரையோரத்தில் கிழிந்த வலை கிடக்காத இடம் ஏது! கியர் பற்கள் நல்லவேளையாகத் தப்பின.

சீல் மட்டும் மாற்றினால் போதும் என்று அந்தப் பதிவில் சொன்ன அண்ணனுக்கு: தண்டில் ஆட்டம் இருந்தால் புது சீலும் நிற்காது. என்ஜினை அணைத்து, பிடிஓவை (டிராக்டரிலிருந்து கட்டருக்குச் சுழற்சி தரும் இணைப்பு) விடுவித்து, கட்டருக்கு முட்டுக் கொடுத்தபின் பிளேடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அப்புறம், பலமாக அடிபட்டால் தானே உடைந்து கியரைக் காக்கும் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கடினமான போல்ட்டைப் போடாதீர்கள். கட்டை தட்டினால் அடி நேராகப் பல்லில் விழும்.