போட்டோ அச்சிட்டால் முகமெல்லாம் சிவந்துபோகிறது – வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் – உதவி தேவை

மாடிவீடு:
வணக்கம். வீட்டில் நான்கு நிற மைத்தொட்டி உள்ள இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. தாத்தா பாட்டியின் சதாபிஷேகப் படங்களை 4×6 அங்குல கிளாஸி (வழுவழுப்பான) தாளில் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தால், ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. மடிக்கணினித் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. தாளில் முகங்கள் சிவந்திருக்கின்றன, தாத்தாவின் வெள்ளை வேட்டியில் ரோஸ் சாயம் ஏறியிருக்கிறது, படம் முழுக்க ஒரு படி இருட்டு. பாட்டியின் எம்.எஸ். புளூ பட்டுப்புடவை கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் தலையைச் சுத்தம் செய்வது) பலமுறை செய்தேன். மை குறைந்ததைத் தவிர வேறு மாற்றமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஆற்றங்கரை:
சியான் (பச்சை கலந்த நீல) மை அடைத்திருக்கலாம். கறுப்பு தவிர்த்த மூன்று நிறத்தில் எது வராமல் போகிறதோ, படம் அதன் எதிர்ப்பக்கம் சாயும். சியான் இல்லாவிட்டால் சிவப்பு, மஜெண்டா (ஊதா கலந்த சிவப்பு) இல்லாவிட்டால் பச்சை, மஞ்சள் இல்லாவிட்டால் ஊதா கலந்த நீலம். நாசில் செக் (ஒவ்வொரு மையும் வருகிறதா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) அச்சிட்டுப் பாருங்கள். கோடுகளில் இடைவெளி இருக்கிறதா?

பழைய ஸ்டுடியோ:
முதலில் ஹெட் கிளீனிங்கை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, பிரிண்டருக்குள் இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாக இயந்திரம் கணக்கிட்டால் அச்சிடவே மறுத்துவிடும். நாசில் செக்கில் கோடு விட்டுப்போயிருந்தால் மட்டுமே அது தேவை.

ஒன்று கேட்கிறேன். சதாபிஷேகம் என்றால் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பீர்களே, படத்தில் இலை என்ன நிறத்தில் வந்திருக்கிறது? பச்சை என்பது சியானும் மஞ்சளும் சேர்ந்து வருவது. சியான் நின்றுபோயிருந்தால் இலை மஞ்சளாகிவிடும். இன்னொன்று, கைபேசியிலிருந்து நேராக அதே படத்தை அச்சிட்டுப் பார்த்தீர்களா? என்ன தாள், என்ன மை, எந்த மென்பொருளில் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மாடிவீடு:
நாசில் செக்கில் நான்கு நிறமும் முழுதாக வந்திருக்கிறது. வாழை இலை பச்சைதான், கொஞ்சம் மங்கல். மை பிரிண்டரோடு வந்த அசல் மை. தாள் கடையில் கிடைத்த வேறொரு பிராண்டு. தாள் உறையில் இருந்த இணைய முகவரியில் ஐசிசி ப்ரொஃபைல் (நிறங்களை அச்சுக்கு ஏற்ப மாற்ற உதவும் கோப்பு) ஒன்று கிடைத்தது. படத்திருத்த மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்துத்தான் அச்சிடுகிறேன். நீங்கள் சொன்ன பிறகு கைபேசியிலிருந்து அச்சிட்டேன். ஆச்சரியம், சிவப்பு இல்லை! ஆனால் படம் வெளிறி, சோகையாக இருக்கிறது. தலைமுடியைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது.

பழைய ஸ்டுடியோ:
அப்படியானால் மையும் ஹெட்டும் நிரபராதிகள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள், அவற்றைக் கலக்கக் கூடாது.

கணினியில் நடப்பது இரட்டைத் திருத்தம். மென்பொருள் அந்த ஐசிசி ப்ரொஃபைலைக் கொண்டு நிறங்களை ஒருமுறை மாற்றி அனுப்புகிறது. பிரிண்டர் டிரைவர் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அது தெரியாமல் தன் பங்குக்கு மறுபடி மாற்றுகிறது. மாமியார் உப்புப் போட்டது தெரியாமல் மருமகளும் போட்ட சாம்பார்தான். பெரும்பாலும் இது மஜெண்டா ஏறிய, இருண்ட படமாகத்தான் வெளிப்படும். முகமும் வெள்ளையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இரண்டில் ஒருவர்தான் நிறத்தைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் கவனிப்பதென்றால் டிரைவரில் வண்ணத் திருத்தத்தை முழுதாக அணைக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன். ப்ரொஃபைல் என்பது தாளுக்கு மட்டுமானது அல்ல. குறிப்பிட்ட பிரிண்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள், இந்த மூன்றின் சேர்க்கைக்கு அளந்து செய்வது. நீங்கள் இறக்கியதில் உங்கள் பிரிண்டர் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு நிறப் பிரிண்டருக்குச் செய்தது நான்கு நிறத்துக்கு உதவாது. இல்லையென்றால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, மென்பொருளில் ‘நிறத்தைப் பிரிண்டரே கவனிக்கட்டும்’ என்ற பொருளில் உள்ள தேர்வை வையுங்கள். படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளிக்கு (காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்கு) மாற்றி அனுப்புங்கள். இப்போதைய கைபேசிகள் பல அதைவிட விரிந்த நிறவெளியில் படம் எடுக்கின்றன. பிரிண்டர் டிரைவர் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி-யைத்தான் எதிர்பார்க்கும்.

கைபேசிக் கோளாறு வேறு. அங்கே தாள் வகை ‘சாதாரணத் தாள்’ என்று இருந்திருக்கும். அப்படி இருந்தால் பிரிண்டர் கறுப்பு மைத்தொட்டியைப் பயன்படுத்தும். உங்களைப் போன்ற பிரிண்டர்களில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் கொண்டது. எழுத்துக்கு அருமையானது, வழுவழுப்பான தாளில் ஒட்டாது. அதனால்தான் விரலில் வருகிறது. ‘கிளாஸி’ என்று மாற்றினால் பிரிண்டர் கறுப்பையே சியான், மஜெண்டா, மஞ்சள் மூன்றையும் கலந்து உண்டாக்கிக்கொள்ளும். கணினியிலும் இதைச் சரிபாருங்கள்.

துணைத்திரை:
இவ்வளவு எதற்கு? திரையை அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய ஸ்டுடியோ:
வருடத்துக்கு நாலு விழாப் படம் அச்சிடுபவருக்கு அது வீண் செலவு. திரை தவறு என்றால் பிரிண்டர் எந்த வழியில் அச்சிட்டாலும் தவறு ஒரே மாதிரி இருக்கும். இவருக்குக் கைபேசியில் ஒரு விதம், கணினியில் ஒரு விதம்.

ஆற்றங்கரை:
சந்தேகம் தீர ஒரு சாம்பல் பட்டை அச்சிடலாம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை நிறமே கலக்காத படம். கிளாஸி அமைப்பில் சாம்பலும் மூன்று நிறக் கலவை என்பதால், எந்த நிறம் மிஞ்சினாலும் உடனே தெரிந்துவிடும். முகத்தை வைத்து முடிவு செய்வது கடினம், ஏனென்றால் ஒவ்வொருவர் நிறமும் வேறு.

மாடிவீடு:
ப்ரொஃபைலில் இருந்தது வேறு மாடலின் பெயர். நீக்கிவிட்டேன். பிரிண்டரே கவனிக்கட்டும், எஸ்ஆர்ஜிபி, கிளாஸி, உயர்தரம் என்று வைத்து அச்சிட்டேன். வேட்டி வெள்ளையாகிவிட்டது! முகங்களும் முகங்களாக இருக்கின்றன. சாம்பல் பட்டையில் நடுப்பகுதி மட்டும் மிக லேசான ரோஸ். இன்னும் கொஞ்சம் இருட்டாகவும் இருக்கிறது. புடவைதான் பிடிவாதமாகக் கத்தரிப்பூ நிறத்திலேயே நிற்கிறது.

பழைய ஸ்டுடியோ:
லேசான ரோஸ் தாளின் குணம். டிரைவரில் கைமுறை நிறத் திருத்தத்தில் மஜெண்டாவை ஓரிரு புள்ளி குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இருட்டுக்குக் காரணம் பிரிண்டர் அல்ல, உங்கள் திரையின் வெளிச்சம். வெள்ளைத் தாளைத் திரையில் திறந்த வெள்ளைப் பக்கத்தின் அருகே பிடியுங்கள். திரை விளக்குப்போல் எரிந்தால் அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம். படம் பார்க்கச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) போதும், மடிக்கணினிகள் முழு வெளிச்சத்தில் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகும். குறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், திரையிலேயே இருட்டாகத் தெரியும். அப்போது படத்தை வெளிச்சமாக்கி அச்சிடுங்கள். அச்சான படத்தை ராத்திரி எல்இடி விளக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள்.

புடவை விஷயம் அமைப்பால் முழுதாகத் தீராது. திரையின் நீலம் ஒளி, தாளின் நீலம் சியானும் மஜெண்டாவும் கலந்த மை. திரை காட்டும் அடர்ந்த நீலங்கள் பல நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. எல்லையைத் தாண்டியதை இழுத்து உள்ளே வைக்கும்போது அது ஊதாப் பக்கம் சாய்கிறது. படத்திருத்தத்தில் நீல நிறத்தை மட்டும் பிடித்து, அடர்த்தியைக் குறைத்து, சாயலைச் சியான் பக்கம் சற்றே தள்ளுங்கள். திரையில் புடவை கொஞ்சம் வெளுத்துத் தெரியும், பொருட்படுத்த வேண்டாம். 4×6-இல் முழுப் படத்தையும் வீணாக்காமல், புடவைப் பகுதியை மட்டும் வெட்டி, திருத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டு, பீரோவில் இருக்கும் அசல் புடவையோடு ஒப்பிடுங்கள்.

மாடிவீடு:
அப்படியே செய்தேன், ஐயா. வரிசையில் மூன்றாவது துண்டு புடவையோடு ஏறத்தாழப் பொருந்துகிறது. பாட்டி பார்த்துவிட்டு, “ஜரிகை இன்னும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கணும்” என்கிறார். அதையும் இனி ஜன்னலோரம் பார்த்துக்கொள்கிறேன். அச்சானதை உடனே ஆல்பத்தில் வைக்கலாமா?

பழைய ஸ்டுடியோ:
ஒரு நாள் காய விடுங்கள். ஈரம் இருக்கும்வரை நிறம் சற்று மாறிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜரிகையைப் பாட்டி சொன்னபடியே மாற்றுங்கள்.