300-ஆவது ரேங்க்: தொழிலா, பிடிவாதமா?

வலையோரம்:
ஆண்கள் டென்னிஸில் அடிப்படி எம்15. மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலர், 15 புள்ளி. முதல் சுற்றில் போனால் 156 டாலர், புள்ளி கிடையாது. டிக்கெட், அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் (நரம்பு) எல்லாம் சொந்தச் செலவு. உலகின் 300-ஆவது ஆட்டக்காரர் வருஷக் கடைசியில் அப்பாவிடம் கை நீட்டுகிறார் என்றால் கோளாறு யாரிடம்? கிராண்ட்ஸ்லாம் பணத்தில் ஒரு பங்கைக் கீழே இறக்கணும்.

பேஸ்லைன் பாண்டி:
கணக்கைக் குழப்பாதீங்க. 300-ல் இருப்பவர் எம்15 பக்கம் வருவதே அபூர்வம். அவர் ஆடுவது ரெண்டு படி மேலே இருக்கிற சேலஞ்சர் போட்டி, இடையிடையே நடுப்படியான எம்25. மேட்ச் பார்க்கிறவனிடமிருந்துதான் பணம் வருது. எம்15 மேட்சுக்கு யார் டிக்கெட் வாங்குறா? அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கிற நாலு பேர்தான் கூட்டமே. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்துற ஏடிபியும் சும்மா இல்லை. 2024-ல் 'பேஸ்லைன்' திட்டம் வந்தது (என் பெயருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை). தொடங்கினப்போ முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 101–175 ஒன்றரை லட்சம், 176–250 எழுபத்தைந்தாயிரம். வருமானம் அதுக்குக் கீழே போனா மீதியை அவங்க போடுவாங்க.

வலையோரம்:
எம்15 விஷயத்தில் தப்பு என்னுடையது. ஆனா நீங்க சொன்ன கோடு 250-ல் நிக்குது. கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றுக் கதவும் கிட்டத்தட்ட அங்கேதான் சாத்துது. 2025 விம்பிள்டனில் தகுதிச்சுற்றின் முதல் மேட்சில் தோற்றவருக்கே 15,500 பவுண்டு. 220-ல் இருப்பவருக்கு இப்படி வருஷத்துக்கு நாலு வாய்ப்பு, 300-க்கு ஒண்ணுமில்லை. இருவர் ஆட்டத்துக்கும் நடுவே அவ்வளவு தூரமா இருக்கு?

பேஸ்லைன் பாண்டி:
கோட்டை எங்கே போட்டாலும் வெளியே ஒருத்தர் நிப்பார். காசு கொடுத்துக் காத்திருக்க வைச்சா 24 வயசில் வேறு வேலைக்குப் போக வேண்டியவர் 30 வரை இழுப்பார்.

நெட்கார்டு:
நம்ம இந்திய ஆட்டக்காரர் சுமித் நாகலை மறந்துட்டீங்களா? 2023 செப்டம்பரில் வங்கியில் 900 யூரோதான் இருக்குன்னு சொன்னார். நாலே மாசத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றைத் தாண்டி வந்து கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். 2024-லேயே 68-ஆவது இடம்.

பேஸ்லைன் பாண்டி:
அதைத்தானே சொல்றேன்? திறமை இருந்தா ஏணி ஏத்திவிடும்.

வலையோரம்:
அந்தச் செப்டம்பரில் அவர் மூட்டை கட்டியிருந்தா? அப்பவும் "திறமை இல்லை"ன்னுதான் எழுதியிருப்பீங்க.

முன்னாள் லெஃப்டி:
நாலு வருஷம் ஆடினேன். ரேங்க்கைச் சொன்னா சிரிப்பீங்க, விடுங்க. செவ்வாய்க்கிழமை தோற்றா ஊருக்குத் திரும்ப முடியாது, டிக்கெட் மூணு வாரம் கழிச்சுத்தான். துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அண்டால்யா மாதிரி இடங்களில் வாராவாரம் போட்டி நடக்கும், அங்கேயே முகாம். ராத்திரி ஸ்ட்ரிங் போட மெஷினைப் பகிர்ந்துக்கிற அறைக்கூட்டாளிதான் அடுத்த நாள் எதிராளி. சிலர் இரட்டையர் ஆடி அறை வாடகையைச் சமாளிப்பாங்க. ஜெர்மனியில் கிளப் லீக்குக்கு ஆள் எடுத்தா அந்த வருஷம் தப்பிச்சோம்.

போட்டிக் காலண்டரில் நாங்க தேடினது பரிசுத் தொகையை இல்லை. பெயருக்குப் பக்கத்தில் '+எச்' போட்டிருக்கான்னு பார்ப்போம். இருந்தா தங்கும் அறை போட்டி நடத்துறவர் பொறுப்பு. அதை எல்லாப் போட்டிக்கும் கட்டாயமாக்குங்க. பரிசை ஏத்தினா ஜெயிக்கிற ரெண்டு பேருக்குத்தான் லாபம்.

பேஸ்லைன் பாண்டி:
நல்ல யோசனை. ஆனா நடத்துறவரே பாதி நேரம் கைக்காசு போட்டு நடத்துறார். அறைக்கு யார் கொடுப்பா?

வலையோரம்:
பார்க்க ஆளில்லைன்னீங்களே, சூதாடிகள் பார்க்கிறாங்க. அந்த மேட்சுகளின் நேரடி ஸ்கோரை ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) பந்தயச் சந்தைக்கு விற்றது. கீழ்மட்டத்தில் அதை நிறுத்தணும்னு 2018-ல் சுயாதீன விசாரணைக் குழு சொல்லுச்சு. செலவுக்கே காணாத வருமானம்தான் மேட்ச் ஃபிக்ஸிங்குக்கு வழி விடுதுன்னும் அதே குழு சொன்னது. காசு வந்திருக்கு சார், ஆட்டக்காரர் அறைக்குத்தான் வரலை.

முன்னாள் லெஃப்டி:
தோற்ற ராத்திரி போனைத் திறந்தா முகம் தெரியாதவன் குடும்பத்தையே திட்டியிருப்பான், பந்தயத்தில் விட்டவன். நமக்கு 156 டாலர்.

பேஸ்லைன் பாண்டி:
சரி, அறைக்கு ஒத்துக்கிறேன். கிராண்ட்ஸ்லாம் பணத்தைப் பங்கு போடுறதுக்கு இல்லை. லெஃப்டி, ஒண்ணு கேட்கலாமா? ஏன் விட்டீங்க? காயமா?

முன்னாள் லெஃப்டி:
இல்லை. ஐடிஎஃப் என்ட்ரிக்கு வியாழக்கிழமை கடைசி. ஒரு வாரம் மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது, பதறலை. திரும்பப் படுத்துத் தூங்கிட்டேன்.