பட்டாசு ஆலையில் பாதுகாப்பு விதிகளை மனமொப்பிப் பின்பற்றச் செய்வது எப்படி?

புதிய போர்மேன்:
அனைவருக்கும் வணக்கம். சிவகாசி அருகே ஓர் ஆலையில் நான்கு மாதங்களாகப் போர்மேனாக (மேற்பார்வையாளராக) இருக்கிறேன். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, பருத்தித் துணியே உடுத்த வேண்டும், ரப்பர் விரிப்பை எடுக்கக் கூடாது என்று அன்றாடம் சொல்லியும், அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சென்ற வாரம் ஒருவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார். "அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை, எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையுமே" என்றார். இவர்களை எப்படி மாற்றுவது?

திருத்தங்கல்காரர்:
தம்பி, அவர் விதி தெரியாதவர் அல்லர். விதியைக் கடைப்பிடித்தால் அவருக்குக் கூலி குறைகிறது, அதுதான் சிக்கல். செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பத் தரும் பீஸ் ரேட் கூலியில் நிற்கிறவரிடம் நிதானமாகச் செய்யுங்கள் என்பது, பாதிச் சோற்றோடு எழுந்திரு என்பதற்குச் சமம். மிஞ்சிய மருந்தையே பாருங்கள்: அலுமினியத் தூள் கலந்த மருந்தை அன்றே அழிக்காமல் இரவு வைத்திருந்தால், ஈரம் பட்டுத் தானாகவே சூடேறும், மறுநாள் காலையில் அதைத் தொட்டவுடன் வெடித்த விபத்துகள் நம் பக்கத்தில் எத்தனையோ. ஆனாலும் அழிக்கும் மருந்துக்கான உழைப்புக்குக் கூலி இல்லையென்றால் யார் மனம்வந்து அழிப்பார்? எங்கள் ஆலையில் அதற்கும், இடி மின்னலால் வேலை நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முடிவான பிறகு, மருந்தைப் பதுக்குவது நின்றது.

மருந்தறைத் தொழிலாளி:
அண்ணன் சொல்வது உண்மை. எங்கள் அறைவாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறது. உடம்பிலுள்ள நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்க, அதில் கையை வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். நாங்கள் அதைப் பொருட்படுத்தாமல்தான் இருந்தோம். முதலாளி தம் கைப்பேசியை வாயிற்கதவருகே கொடுத்துவிட்டு வந்து, எங்கள் கண்முன்னே அந்தத் தகட்டில் கை வைத்த நாளிலிருந்து ஒருவரும் தவறுவதில்லை.

முதலிப்பட்டிப் பக்கத்தவர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில் பலர், உதவ ஓடிப்போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும்தாம். தீப்பிடித்தால் விலகி ஓட வேண்டும் என்ற பயிற்சியை ஆலைக்குள் மட்டுமன்றிச் சுற்றியுள்ள ஊர்களிலும் நடத்துங்கள்.

புதிய போர்மேன்:
நன்றி. மரத்தடியில் இருந்தவரைக் கடிந்துகொண்டது எனக்கே வருத்தமாக இருக்கிறது. வேலை நிற்கும் நேரத்துக்கான கூலியைப் பற்றி நாளைக் காலை முதலாளியிடம் பேசுகிறேன். மரத்தடியில் இருந்தவரையும் உடன் அழைத்துச் செல்வேன்.