ஏஜென்ட் 2000 டாலர் கேட்கிறார், கட்டலாமா?

சிவில்சென்னை: வணக்கம். டொரன்டோ வந்து நான்கு மாதம். ஊரில் 9 வருடம் சிவில் என்ஜினியர். 140 இடத்துக்கு விண்ணப்பித்து இரண்டே இன்டர்வியூ, இரண்டிலும் கனடா அனுபவம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு ஏஜென்ட் 2000 டாலர் கட்டினால் நல்ல சம்பளத்தில் வேலை உறுதி என்கிறார், வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். மனைவி ஏழு மாத கர்ப்பம், கையிருப்பு அடுத்த மாதம் வரைதான். என்ன செய்வது?

ஸ்காபரோஅண்ணன்: தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் கணக்காளர். இங்கே முதல் குளிர்காலம் முழுக்க பிராம்ப்டனில் வேர்ஹவுஸ், இரவு ஷிப்ட், மூன்று பஸ் மாறிப் போக வேணும், ஒருநாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு பனியிலேயே ஒரு மணித்தியாலம் நடந்தேன், அந்தக் குளிர் இன்னும் மறக்கவில்லை. கிடைத்த வேலையை முதலில் பிடியுங்கோ.

மிசிசாகாதோழி: அண்ணா, கோபிக்காதீர்கள், இது தப்பான யோசனை. என் கணவர் அப்படித்தான் போனார், வெளியே வர மூன்று வருடம் ஆனது, ஷிப்ட் முடிந்து வந்தவருக்குப் படிக்க உடம்பில் தெம்பு எங்கே இருக்கும்? 9 வருடத்தை ரெஸ்யூமேயில் பாதியாகக் குறைத்துப் போடுங்கள், கூப்பிடுவார்கள்.

கோவைக்காரன்: குறைக்கவே குறைக்காதீர்கள், என்ஜினியர் லைசென்ஸுக்கு அந்த வருடங்கள்தான் கணக்கு. குடியேற்றத்துக்குப் படிப்புக்கெல்லாம் பாயிண்ட் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், வந்து இறங்கியதும் அந்தப் படிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஸ்காபரோஅண்ணன்: அதுதான் உண்மை. வாடகை ஒருபக்கம், கார் இன்சூரன்ஸ் ஒருபக்கம், எப்படித்தான் சமாளிக்கிறது?

பாலம்கட்டி: தம்பி வெள்ளிக்கிழமையை நினைத்துப் பயந்துபோய் இருக்கிறார், அதற்கு வருவோம். ஒரு டாலர் கூடக் கட்டாதீர்கள். ஆள் தேடித் தந்ததற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியது கம்பெனி. நீங்கள் வொர்க் பெர்மிட் என்றால் உங்களிடம் கட்டணம் வாங்குவதையே ஒன்டாரியோ சட்டம் தடுக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் பிஆரா, பெர்மிட்டா? டிசைனா, சைட்டா? இரண்டையும் நீங்கள் சொல்லவே இல்லை.

அப்புறம், ஒன்டாரியோவில் என்ஜினியர் லைசென்ஸ் தரும் பிஇஓ அமைப்பு 12 மாத கனடா அனுபவம் வேண்டும் என்ற விதியை 2023 மே மாதமே நீக்கிவிட்டது. ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி, 2026 ஜனவரியிலிருந்து, பொது விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கவும் கூடாது, சம்பள வரம்பைப் போடாமல் இருக்கவும் கூடாது. அதைப் பார்த்துவிட்டே சம்பளம் பேசுங்கள்.

சிவில்சென்னை: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பிஆர்தான். ஸ்ட்ரக்சரல் டிசைன், ஈடேப்ஸ் என்ற கட்டிட டிசைன் சாப்ட்வேரில் 6 வருடம்.

பாலம்கட்டி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ரெஸ்யூமேயில் ஈடேப்ஸை மேலே கொண்டுவாருங்கள். நம்மூர் கான்கிரீட் கோடு ஐஎஸ் 456 தெரிந்தவருக்கு இங்குள்ள கான்கிரீட் கோடு சிஎஸ்ஏ ஏ23.3 பிடிபடும், சென்னையில் தேவைப்படாத பனிச்சுமைக் கணக்கைத்தான் புதிதாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஊர்க் கட்டிடம் ஒன்றையே டொரன்டோ பனிக்கு மறுபடி டிசைன் செய்து இன்டர்வியூவுக்குக் கொண்டுபோங்கள். லைசென்ஸ் வரும்வரை என்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது, டிசைனர், எஸ்டிமேட்டர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்று தேடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கான மையங்களில் பிஆருக்கு உதவி இலவசம், நாளைக்கே போங்கள். மனைவிக்கு ஓஹிப், அதாவது ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீட்டுக் கார்டு எடுத்தாயிற்றா?

சிவில்சென்னை: எடுத்துவிட்டோம். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று இப்போதுதான் மெசேஜ் போட்டேன்.